சின்ன பட்டறையில் ஒரு பெரிய கண்ணாடி

வீட்டு மூலையில் சின்ன மில்லிங் மெஷின் வைத்திருப்பவர்களுக்குப் பெரிய வைஸ் மேல் எப்போதும் ஒரு கண் இருக்கும். பழைய சாமான் கடையில் ஆறு அங்குல வைஸ் மலிவாகக் கிடைத்தால் விடமாட்டார்கள். வீட்டுக்கு வந்து டேபிள் மேல் தூக்கி வைத்த பிறகுதான் வில்லங்கமே தெரியும். வைஸின் போல்ட் துளைக்கும் டேபிளில் இருக்கும் காடிக்கும் பொருத்தமே இருக்காது. வைஸின் உயரம், ஸ்பிண்டிலுக்கும் டேபிளுக்கும் நடுவே இருக்கும் கொஞ்ச இடத்தையும் தின்றுவிடும். டேபிளைப் பின்னால் தள்ளினால் வைஸ் போய்த் தூணில் இடிக்கும். வைஸை விற்கலாம், பெரிய மெஷின் வாங்கலாம். இரண்டும் வேண்டாம் என்றால், அந்தச் சின்ன மெஷினிலேயே ஒரு அடித்தட்டைக் கடைந்து, அதன் மேல் வைஸை உட்கார வைக்க வேண்டும்.

இதே பாட்டை ஒரு அரசு நிறுவனம் பெரிய அளவில் பட்டிருக்கிறது. பட்ட பாட்டுக்குப் பலனை இன்றும் ஜவ்வாது மலையில் காவலூரில் போய்ப் பார்க்கலாம்.

வைணு பாப்பு 1927ல் சென்னையில் பிறந்தவர். அப்பாவுக்கு ஐதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை. ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்தபோது, 1949ல், ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அது இன்றும் பாப்பு–போக்–நியூகிர்க் என்ற பெயரில்தான் இருக்கிறது. 1957ல் வில்சனோடு சேர்ந்து எழுதிய ஆய்வு வில்சன்–பாப்பு விளைவு என்று பாடப்புத்தகத்தில் ஏறியது. வெளிநாட்டிலேயே தங்கியிருந்தால் பெரிய பெரிய தொலைநோக்கிகள் கையில் இருந்திருக்கும். திரும்பி வந்து 1960ல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்றார்.

கொடைக்கானல் சூரியனைப் பார்க்கும் இடம். இரவு வானத்துக்கு வேறு மலை தேவைப்பட்டது. தேடித் தேடிக் கடைசியில் அகப்பட்டது ஜவ்வாது மலை. சுற்றிலும் காடு, ஊர் வெளிச்சம் கிடையாது, உயரம் சுமார் 725 மீட்டர். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் தென்வானத்தின் பெரும்பகுதியும் தெரியும். 1968ல் அங்கே வேலை தொடங்கியபோது இருந்த தொலைநோக்கி 38 செ.மீ. அதையும் யாரிடமும் வாங்கவில்லை, கொடைக்கானல் பட்டறையிலேயே செய்தது. 1972ல் ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் தயாரித்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்து சேர்ந்தது. வந்த வருடமே வியாழனின் நிலவான கனிமீடில் மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்று காட்டிக்கொடுத்தது. 1977 மார்ச் 10ந்தேதி யுரேனஸின் வளையங்கள் பிடிபட்ட இரவிலும் காவலூர் விழித்துக்கொண்டுதான் இருந்தது.

ஆனாலும் பாப்புவுக்கு ஒரு மீட்டர் போதவில்லை. 2.34 மீட்டர் வேண்டும், அதுவும் இங்கேயே செய்ய வேண்டும் என்றார்.

காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் "செய்வதா, வாங்குவதா" என்று ஒரு கணக்கு வரும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் வாங்குவது என்றுதான் விடை வந்திருக்கும். செய்வதென்றால் ஆளுக்குப் பழக்கம் வேண்டும், அந்த அளவு ஜாப்பைப் பிடிக்கிற மெஷின் வேண்டும், எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. கற்றுக்கொள்வதற்கு என்ன விலை என்று அந்தக் கணக்கில் ஒரு பத்தி கிடையாது. அதனால் பாப்பு போட்டது வேறு கணக்கு.

கண்ணாடிக் கட்டி மட்டும் ஜெர்மனியிலிருந்து வந்தது. அது ஜெரோடூர் என்ற ரகம், சூட்டுக்கும் குளிருக்கும் ஏறக்குறைய அசையவே அசையாது. எடை சுமார் மூன்றரை டன். பெங்களூரில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வளாகத்தில் ஏ.பி. ஜெயராஜன் தலைமையில் ஒரு குழு அதைத் தேய்த்தது. அந்த அளவுக் கண்ணாடியைச் சுழற்றித் தேய்க்கும் இயந்திரத்தையே முதலில் அமைக்க வேண்டியிருந்தது. வைஸுக்கு முன்னால் அடித்தட்டு!

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். கண்ணாடியின் விட்டம் 2.34 மீட்டர், குவியத் தூரம் அதைப்போல் 3.25 மடங்கு, அதாவது சுமார் 7.6 மீட்டர். அப்படியென்றால் நடுவில் குழியின் ஆழம் வெறும் நாலரை செ.மீ.தான். ஆளை விட அகலமான தாம்பாளத்தில் அவ்வளவுதான் பள்ளம். பள்ளம் எடுப்பது கூடப் பெரிய காரியமில்லை. அந்த வளைவு சரியான பரவளையத்திலிருந்து பத்தாயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் என்ற வரிசையில்தான் விலகலாம். கொஞ்ச நேரம் தேய்ப்பது, நிறுத்துவது, ஒளி விட்டுச் சோதிப்பது, எங்கே மேடு எங்கே பள்ளம் என்று குறிப்பது, மறுபடி தேய்ப்பது. மேட்டை எப்போதும் கரைக்கலாம். ஒரு இடத்தில் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் அதை ஒட்டவைக்க முடியாது, மற்ற இடம் முழுவதையும் அந்த ஆழத்துக்கு இறக்க வேண்டும். இன்னொரு தொல்லையும் உண்டு. இத்தனை எடைக் கண்ணாடி தன் பாரத்திலேயே வளையும். அதனால் அடியில் பல இடங்களில் சமமாகத் தாங்கிப் பிடிக்காவிட்டால், தேய்க்கும்போது ஒரு வடிவம், எடுத்து நிறுத்தியதும் வேறு வடிவம். வைஸில் இறுக்கிக் கடைந்த மெல்லிய தகடு தளர்த்தியதும் வளைந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

தொலைநோக்கியைத் தாங்கும் இரும்புச் சட்டகம் மகாராஷ்டிரத்தின் வால்சந்த்நகர் ஆலையில் உருவானது. சர்க்கரை ஆலை இயந்திரங்களுக்குப் பேர்போன இடம் அது. ஒரு நட்சத்திரத்தின் பின்னால் குலுங்காமல் நகர வேண்டிய சட்டகத்தை அவர்களிடம் ஒப்படைக்கத் துணிச்சல் வேண்டும். பெரியதில் கை வைக்கும் முன் பழகிக்கொள்ள 75 செ.மீ. தொலைநோக்கி ஒன்றையும் சொந்தமாகச் செய்து பார்த்தார்கள்.

கண்ணாடி முடிவதற்குள் பாப்பு முடிந்துவிட்டார். சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவர் என்ற முறையில் 1982 ஆகஸ்டில் கிரீஸின் பட்ராஸில் கூடிய மாநாட்டில் அவர் இருந்திருக்க வேண்டும். அந்த நாட்களில் ம்யூனிக் மருத்துவமனையில் இருந்தார். இதய அறுவை சிகிச்சைக்குப் பின் ஆகஸ்ட் 19ந்தேதி இறந்தார். வயது 55. உலகத்தின் வானியலாளர்கள் எல்லாம் ஒரே இடத்தில் கூடியிருந்தபோதுதான் செய்தி போய்ச் சேர்ந்தது.

அவரோடு வேலையும் நின்று போயிருக்கலாம். நம் நாட்டில் அப்படி நின்றுபோன திட்டங்களுக்குப் பஞ்சமா? ஆனால் இது நிற்கவில்லை. அடுத்துப் பொறுப்பேற்ற ஜே.சி. பட்டாச்சார்யா காலத்தில் முடிந்தது. பெங்களூரிலிருந்து மலை வரைக்கும் கண்ணாடி பத்திரமாக வந்து சேர்ந்தது. அதன் மேல் அலுமினியம் பூசுவதற்கான வெற்றிடத் தொட்டியையும் மலையிலேயே நிறுவினார்கள். பூச்சு மங்கும்போதெல்லாம் மூன்றரை டன்னைப் பெங்களூருக்குத் தூக்கிப் போக முடியாதே!

1986 ஜனவரி 6ந்தேதி பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். பட்டறையில் செய்த அந்த முதல் 38 செ.மீ. தொலைநோக்கியை விட இது ஏறக்குறைய 38 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. 2016ல் உத்தராகண்டின் தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி வரும் வரை, முப்பது வருடம், நாட்டில் இதைவிடப் பெரியது கிடையாது. தேவஸ்தலுக்கான தொலைநோக்கியைச் செய்து கொடுத்தது பெல்ஜியம் நாட்டு நிறுவனம். கண்ணாடியைத் தேய்த்தது ரஷ்யாவில்.