நந்தனாருக்கு மட்டும் நெருப்பு

திருநாளைப்போவார் என்னும் நந்தனாரைப் பற்றிச் சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் சொல்வது ஒரு பெயரும் ஓர் அடைமொழியும்தான். அங்கே சாதி இல்லை, தில்லை இல்லை, தீயும் இல்லை. நம்பியாண்டார் நம்பி அதை ஓர் அந்தாதிப் பாட்டாக விரித்தபோது ஆதனூர் வந்தது, புலை வந்தது. புலை நீங்கி முனிவராகி, தில்லை மூவாயிரவர் கைகூப்ப நின்றார் என்ற முடிவும் வந்தது. 12-ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், சேக்கிழார் அதைப் பெரியபுராணத்துக்குள் 37 பாட்டுக் கொண்ட புராணமாக்கினார். தில்லைக் கோயிலுக்குள் நுழையுமுன் நந்தனார் மூழ்க வேண்டிய நெருப்பு அப்போதுதான் மூட்டப்பட்டது. பிறகு வந்தவர்களும் தங்கள் பங்குக்கு இந்தக் கதையில் எதையாவது சேர்த்துக்கொண்டே இருந்தார்கள். சேர்த்தவற்றை வைத்து அந்தந்தக் காலத்து ஒடுக்குமுறையின் வடிவத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் நெடுங்காலம் யாரும் கை வைக்காமல் விட்டது அந்த நெருப்பைத்தான். அது பக்தி கேட்ட நெருப்பு அல்ல, கோயில் வாசல் கேட்டது என்பதே என் வாதம். அதற்கான சான்று பெரியபுராணத்துக்குள்ளேயே கிடைக்கிறது.

சேக்கிழாருக்கு இரக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆதனூர்ப் புலைப்பாடியை அவர் காட்டும் விதத்தில் தமிழ்க் காவியங்களில் அரிதாகக் கிடைக்கும் ஒரு நெருக்கம் இருக்கிறது. பழைய கூரைக் குடிசைகள், குஞ்சுகளோடு மேயும் கோழிகள், கையில் இரும்புக் காப்பணிந்த கருநிறச் சிறுவர்கள், உலரும் தோல், நெல் குற்றும் பெண்கள் என்று ஒரு சேரியைக் கண்ணால் பார்த்தவர் எழுதியது போலவே இருக்கிறது. நந்தனாரின் தொழிலையும் துல்லியமாகவே சொல்கிறார். பறைத்தொழிலுக்கென ஊரார் விட்ட மானிய நிலம் அவருக்குச் சோறு போடுகிறது. கோயில் பேரிகைகளுக்குப் போர்வைத் தோலும் விசிவாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் தருவது அவர் பணி. அவர் கொடுத்த தோலும் நரம்பும் சன்னிதி வரை போயின. அவர் போக முடியவில்லை. இந்த முரணை வெளிப்படையாகக் குறிப்பிடாமலே சேக்கிழார் கடந்துபோகிறார். சேக்கிழாருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் ஊரின் நில வகைகளாகவே பதிவாகியிருக்கின்றன. ஆகவே அவர் கற்பனையாக எதையும் ஒதுக்கிவைக்கவில்லை. ஒதுக்கம் கல்லில் வெட்டப்பட்டுத் தயாராக இருந்தது.

நெருப்பு என்பது ஞானத்தின் குறியீடு, அடியார்கள் எல்லாருக்கும் ஒரு சோதனை உண்டு, அதைச் சாதிக் கண்ணாடியில் பார்ப்பது இன்றைய கோபத்தை அன்றைய நூலில் ஏற்றுவது என்று ஒரு மறுப்பு உண்டு. எளிதில் தள்ளக்கூடிய மறுப்பு அல்ல. அப்பரை நீற்றறையில் இட்டார்கள். புகழ்ச்சோழர் தாமே தீப்புகுந்தார். ஆனால் அப்பருக்கு அது அரசன் தந்த தண்டனை. புகழ்ச்சோழருக்கு, சிவனடியார் ஒருவர் தலை கொய்யப்பட்டதற்கான கழுவாய். இருவரும் கோயிலுக்குள் நுழையத் தகுதி தேடித் தீயைத் தொடவில்லை. சரியான ஒப்பீடு வேண்டுமானால் திருநீலகண்ட யாழ்ப்பாணரைப் பார்க்க வேண்டும். அவரும் வாசலுக்கு வெளியே நின்று யாழ் வாசித்த பாணர். மதுரையில் இறைவன் தொண்டர்களின் கனவில் வந்து சொல்ல, அவர்கள் அவரை உள்ளே அழைத்துப் போகிறார்கள். தரையின் ஈரம் யாழைக் கெடுக்குமென்று பொற்பலகை இடும்படி அசரீரி எழுகிறது. திருவாரூரில் வடதிசையில் அவருக்கென வேறு வாயில் வகுக்கப்படுகிறது. சாத்தமங்கையில் திருநீலநக்கர் என்ற வேதியர் வீட்டில் வேள்விக் குண்டத்தின் அருகிலேயே பாணரும் அவர் மனைவியும் இரவு தங்க, வேள்வித் தீ வலமாகச் சுழன்று ஓங்குகிறது. தீ இங்கேயும் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் படுத்தவரை வரவேற்க எழுகிறது. வாயில் நீரைச் சுமந்துவந்து அபிடேகம் செய்து இறைச்சி படைத்த வேடர் கண்ணப்பருக்கும் இப்படியொரு சடங்கு விதிக்கப்படவில்லை. நந்தனார் மட்டும் வேள்வித் தீயில் மூழ்கி, பூணூலும் சடையும் தரித்த முனிவராக எழுந்த பிறகே தில்லைக்குள் போகிறார். கனவில் வந்த இறைவன் பாணருக்குக் கதவைத் திறக்கச் சொன்னார். நந்தனாருக்கு நெருப்பு மூட்டச் சொன்னார். ஒரே நூல், ஒரே ஆசிரியர், ஒரே கடவுள். வேறுபட்டவை மனிதரும் இடமும். பாணர் ஊர் ஊராய்ப் போகிற கலைஞர், நிலத்தோடு கட்டப்பட்டவர் அல்ல; நந்தனார் ஊரின் சேரியில், ஊரார் விட்ட நிலத்தில் வாழ்ந்தவர். அப்படிப்பட்டவரை அதே உடலோடு உள்ளே விட்டால், ஊரின் ஒழுங்கில் வேறு எதெதையெல்லாம் மாற்ற வேண்டிவரும் என்ற கேள்வி எழும். சேக்கிழாரின் அருள் அந்தக் கேள்விக்கு முன்னால் நின்றுவிட்டது என்றுதான் நான் படிக்கிறேன்.

அந்தக் கேள்வியை வேறு பக்கத்திலிருந்து தொட்டவர் கோபாலகிருஷ்ண பாரதி. 1811 வாக்கில் பிறந்து காவிரிக் கடைமடையில் வாழ்ந்த அவர் இயற்றிய ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ 1860-களின் தொடக்கத்தில், காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவில் அச்சேறியது. அதில் நந்தனார் மானிய நிலம் உள்ளவர் அல்ல, பண்ணையாள். தில்லையாகிய சிதம்பரம் போக ஆண்டையிடம் உத்தரவு கேட்டுக் கேட்டுக் காத்திருக்கிறார். ஆண்டையாக வரும் வேதியர் சேக்கிழாரில் இல்லாதவர். நாற்பது வேலி நிலத்தை, அதாவது ஏறத்தாழ 265 ஏக்கரை, நட்டு விளைவித்து அறுத்துவிட்டுப் போ என்கிறார். சிவகணங்கள் ஒரே இரவில் வேலையை முடிக்க, வேதியர் நந்தனார் காலில் விழுகிறார். மூலத்தில் இல்லாத பாத்திரம் எங்கிருந்து வந்தது என்று சைவப் புலமை வட்டாரம் கேட்டது. தஞ்சை வயல்களிலிருந்து வந்தது என்பதே நேர்மையான பதில். நீதிமன்றங்கள் அடிமை மீதான உரிமையை ஏற்கக்கூடாது என்ற சட்டம் 1843-ல் வந்தது. ஆளை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்ற இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1862-ல். காகிதத்தில் அடிமைமுறை போன பிறகும் கல்யாணக் கடன், ஆண்டை நிலத்தில் குடிசை மனை, படி நெல் என்ற மூன்று கயிறுகளால் பண்ணையாள் கட்டுண்டே கிடந்தார். லீவு கேட்பதே ஒரு காவியத்தின் மையச் சிக்கலாக முடிந்தது அந்த மண்ணில்தான். ஒரு பிராமணர் எழுதிய கதையில் பிராமண மிராசுதார் பண்ணையாளின் காலில் விழுவது சின்ன விஷயம் இல்லை. மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இலக்கணப் பிழைகளுக்காகச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கி, பிறகு பாரதி பாடுவதைக் கேட்டு உருகிக் கொடுத்ததாக உ.வே.சா. பதிவு செய்கிறார். பாட்டு வென்றது. ஆனாலும் சிதம்பரத்தில் தீ அப்படியே எரிகிறது. ஆண்டையை மாற்றத் துணிந்த பாரதி வாசலை மாற்றவில்லை. இன்று அந்தக் கீர்த்தனைகள் சபா மேடைகளில் தனித்தனியாகப் பாடப்படும்போது மிராசுதாரும் உதிர்ந்துவிடுகிறார். ராகம் மட்டும் மிஞ்சுகிறது.

அப்படியென்றால் தாழ்த்தப்பட்டவர்களே ஏன் நந்தனாரைத் தங்களவராகப் போற்றினார்கள் என்று கேட்கலாம். போற்றினார்கள்தான், ஆனால் கொடுத்த வடிவத்திலேயே வாங்கிக்கொள்ளவில்லை. அயோத்திதாசர் (1845–1914) நந்தனைச் சூழ்ச்சியால் கொல்லப்பட்ட பௌத்த அரசனாக எழுதினார். வரலாற்றுச் சான்றாக அதை ஏற்பது கடினம்; ஆனால் தீயில் தூய்மை பெற்றவர் என்பதை மறுத்து, கொல்லப்பட்டவர் என்று முதலில் சொன்ன வாசிப்புகளில் அது ஒன்று. சுவாமி சகஜானந்தர் சைவத்துக்குள் இருந்தபடியே வேறு வழி எடுத்தார். 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கி, வாசலில் தடுக்கப்பட்டவர் பெயரால் பிள்ளைகளைப் பள்ளிக்குள் சேர்த்தார். கோயில் வாசல் அதன்பிறகும் காத்திருக்க வைத்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாதய்யர் தலைமையில் ஆலய நுழைவு நடந்தது 1939 ஜூலை 8-ல். சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவுச் சட்டம் 1947-ல். உள்ளே போகப் பூணூலும் சடையும் வேண்டாம் என்று ஆக, சேக்கிழாருக்குப் பின் எட்டு நூற்றாண்டுகள் பிடித்தன. வயலில் கணக்கு இன்னும் தீரவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அதைப் பின்னணியாகக் கொண்டு ‘குருதிப்புனல்’ நாவலை எழுதிய இந்திரா பார்த்தசாரதிதான் பின்னர் ‘நந்தன் கதை’ நாடகத்தையும் எழுதினார். அதில் ஆண்டைகள் சூழ்ச்சி செய்து நந்தனை நம்பவைத்துத் தீக்குள் அனுப்புகிறார்கள். தீயிலிருந்து முனிவர் யாரும் எழுந்து வருவதில்லை.