உமிழ்நீர்த் துளியும் ஒரு குழந்தையின் அச்சமும்

புளியங்காய் என்று சொன்னாலே நாவில் நீர் ஊறுகிறது. வாயில் புளிப்பு ஏதும் படவில்லை. வெறும் சொல்தான் காதில் விழுந்தது. பின் நீர் ஊறுவானேன்? இக்கேள்விக்கு அளந்து பார்த்து விடை கண்டவர் ரஷ்ய உடலியல் அறிஞர் இவான் பாவ்லவ் (1849–1936).

செரிமானத்தைப் பற்றிய ஆய்வுக்காக 1904-ல் நோபல் பரிசு பெற்றவர் இவர். நாயின் உமிழ்நீர் நாளத்தைச் சிறு அறுவையால் கன்னத்தின் வெளிப்புறம் திறக்கச் செய்து, சுரக்கும் நீரைத் துளித்துளியாக அளந்தார். உணவு வாயில் படுமுன்பே நாய்களுக்கு உமிழ்நீர் சுரப்பதைக் கண்டு, அதையே தனி ஆய்வாக மேற்கொண்டார். பாவ்லவ் என்றதும் பலரும் மணியோசையையே நினைப்பர். ஆனால் அவர் பெரிதும் பயன்படுத்தியவற்றுள் ஒன்று, இசைப் பயிற்சியில் தாளம் காட்டும் மெட்ரோனோம் ஆகும்.

முதலில் அந்த ஓசைக்கும் உமிழ்நீருக்கும் தொடர்பில்லை. ஓசையைத் தொடர்ந்து உணவு என்று பலமுறை அளித்த பின்னர், ஓசை மட்டுமே உமிழ்நீரைச் சுரக்கச் செய்தது. இதுவே ஆக்கநிலையிறுத்தம் எனப்படும். உணவின்றி ஓசையை மட்டும் மீண்டும் மீண்டும் எழுப்பினால் துளிகள் குறைந்து மறைந்தன. ஆயினும் சிறிது நேர ஓய்வுக்குப் பின் ஓசை எழுப்பியதும் மீண்டும் சுரந்தன. கற்றது அடங்கியதே தவிர, அடியோடு அழியவில்லை!

அமெரிக்காவில் ஆய்வு வேறு திசையில் சென்றது. 1898-ல் தார்ன்டைக், பசித்த பூனைகளைக் கூண்டில் அடைத்து, அவை தாழ் திறந்து வெளியேறும் நேரத்தைக் குறித்தார். முயற்சிதோறும் நேரம் பொதுவாகக் குறைந்து வந்தது. ஸ்கின்னர் 1930-களில் நெம்புகோலை அழுத்தினால் உணவு விழும் பெட்டியில் எலிகளை விட்டார். உணவு கிடைக்கக் கிடைக்க அழுத்தும் வேகம் கூடியது. ஒருமுறை உணவு வழங்கும் பொறி சிக்கிக்கொண்டது. உணவு வராதபோது அழுத்தல் எவ்வாறு தேய்கிறது என்பதை வரைகோடு தானே காட்டிவிட்டது! செயலின் விளைவே அச்செயலை வளர்க்கிறது அல்லது தேய்க்கிறது. இது செயல்படு ஆக்கநிலையிறுத்தம். செயலை வளர்க்கும் விளைவு வலுவூட்டி.

நாய்க்கும் எலிக்கும் பொருந்துவது மனிதனுக்கும் பொருந்துமா? 1920-ல் வாட்சனும் ரெய்னரும் வெளியிட்ட ஆய்வு நம்மை வருந்தச் செய்வது. ஏறத்தாழ பதினொரு மாதக் குழந்தை ஒன்று வெள்ளெலியை அஞ்சாமல் தொட முயன்றது. அப்போதெல்லாம் அதன் பின்புறம் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தனர். சில முறைகளுக்குள் எலியைக் கண்டதுமே குழந்தை அழுதது; முயலையும் நாயையும் கண்டும் அஞ்சியது. அந்த அச்சத்தைப் போக்காமலே ஆய்வு முடிந்தது. இன்றைய ஆய்வு நெறிகள் இதற்கு இடந்தரா.

ஆனால் 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி எதிர்வழியைக் காட்டினார். முயலுக்கு அஞ்சிய ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுவன் விருப்பமான உணவை உண்ணும்போது, கூண்டிலிட்ட முயலைத் தொலைவில் வைத்தார். நாளடைவில் சிறிது சிறிதாக அருகில் கொணர்ந்தார். இறுதியில் முயல் தன் விரல்களைக் கொறிக்கவும் சிறுவன் இடங்கொடுத்தான். அச்சத்தைப் போக்கும் இன்றைய நடத்தைச் சிகிச்சை முறைகளுக்கு இது முன்னோடி.

இவ்விரு விதிகளும் வகுப்பறையிலும் செயல்படுகின்றன. கணக்குப் புத்தகமும் பிரம்படியும் சேர்ந்தே வந்தால், நாளடைவில் புத்தகமே அச்சந்தரும். மாணவன் வகுப்பைத் தவிர்க்கிறான். உடனே மனம் அமைதியடைகிறது. அந்த அமைதியே வலுவூட்டியாகித் தவிர்க்கும் பழக்கத்தை வளர்க்கிறது. அவன் மீண்டும் கணக்கை நெருங்காததால் அச்சம் தேயவும் வழியில்லை. இதனை மந்தபுத்தி என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். அவன் செய்யக்கூடிய சிறு கணக்கைத் தந்து, சரியாகச் செய்ததும் பாராட்டி, மெல்ல அடுத்த படிக்கு அழைத்துச் செல்வதே ஜோன்ஸ் காட்டிய வழி. கற்ற அச்சத்தைத் தணிக்கவும் கற்றுத்தர இயலும்.