வெட்டுப்பட்ட பொற்காசு

புதுக்கோட்டைக்குக் கடற்கரை உண்டா என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், வரலாற்று வாத்தியாரான எனக்குச் சுருக்கென்று இருக்கும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம் என்று அடுக்குவேன். பிறகு கருக்காக்குறிச்சிக்கு வருவேன்.

கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் அந்த ஊரில் 1898இல் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் பிந்தியவை கி.பி. 69 முதல் 79 வரை ஆண்ட வெஸ்பாசியன் காலத்தவை. பெரும்பாலான காசுகளில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளிவெட்டு, ஆழமாக. இனி இது நாணயமாகச் செல்லாது, பொன்னாக நிறுத்துக்கொள் என்பதற்கான அடையாளம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. மிளகுக்கும் முத்துக்கும் விலைபேசிய நாட்டில் ரோமாபுரி அரசன் முகத்துக்கு என்ன மதிப்பு?

அக்காசுகளில் பல இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கறம்பக்குடி, ஆலங்குடிப் பக்கத்து ஆசிரியர்களே, ரோமாபுரிப் பாடத்தைக் கருக்காக்குறிச்சியிலிருந்து தொடங்குங்கள்.