பேனாவும் வீட்டு வாசலும்

“ஊருக்குத்தான் உபதேசம்!” எங்கள் கூடலூர்ப் படிப்பகத்தில் ஒரு மாலை, ஏடு நடத்துவோரைப் பற்றிப் பேச்சு வந்தபோது இளைஞர் ஒருவர் எள்ளி நகைத்தார். எழுத்தில் புரட்சி, இல்லத்தில் புரோகிதம் என்பது அவர் குற்றச்சாட்டு. பலருக்குப் பொருந்தும். எல்லோருக்குமா?

திருவையாற்றில் 1855-ல் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயரை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! என்னைப்போல் அவரும் பள்ளி ஆசிரியர்தாம். 1878-ல், இருபத்து மூன்று வயதில், நண்பர் ஐவரோடு ‘தி இந்து’வைத் தொடங்கினார். கையிலே காசில்லை, ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 படிகள் அச்சிட்டார்கள். உயர்நீதிமன்றத்தில் இந்தியர் ஒருவர் நீதிபதியானதை வெள்ளையர் ஏடுகள் தூற்றின. அதற்கு விடையிறுக்கவே பிறந்தது அந்தக் கிழமை ஏடு. 1885-ல், முதல் காங்கிரசு மாநாட்டில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் அவரே.

இவ்வளவும் புகழ் தரும் செயல்கள். இழப்புத் தரும் செயலொன்று காத்திருந்தது.

அவருடைய மகள் சிவப்பிரியா இளமையிலேயே கணவனை இழந்தாள். வைதிகம் விதித்த வழி தெரிந்ததே: கூந்தல் களைந்து, நிறம் துறந்து, மூலையில் முடங்கு! விதவை மணத்தை ஆதரித்து எழுதிய கை இப்போது என்ன செய்யும்? 1889-ல், காங்கிரசு கூடிய பம்பாய் நகரில், மகளுக்கு மறுமணம் செய்துவைத்தார். சுற்றம் ஒதுக்கிற்று, சாதி விலக்கிற்று. மேடையில் கைதட்டியோர் எத்தனை பேர் அவர் வீட்டில் கை நனைத்தார்கள்? விடுதலை வேண்டிய வீரர்களுக்கும் விதவையின் திருமணம் கசந்ததே!

கடன் சுமையாலும் கூட்டாளியோடு கொண்ட கருத்து வேறுபாட்டாலும் 1898-ல் ‘இந்து’வை விட்டு விலகினார். சோர்ந்தாரில்லை. 1882-லேயே தொடங்கியிருந்த ‘சுதேசமித்திரன்’ தமிழ் ஏட்டை 1899-ல் நாளேடாக்கினார். ஆங்கிலம் கற்றோரின் தனிச்சொத்தாயிருந்த அரசியல், தமிழ் மட்டுமே அறிந்தவன் திண்ணைக்கும் வந்தது. என் கணிப்பில் அவருடைய பெரும்பணி இதுவே. 1904-ல் மதுரையில் தற்காலிக ஆசிரியராயிருந்த பாரதியை உதவியாசிரியராக அழைத்துக்கொண்டதும் இந்த ஏட்டுக்காகத்தான். அதற்கு முந்திய ஆண்டு, பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதாரக் கூறுகளை ஆராயும் ஆங்கில நூலொன்றையும் அவர் வெளியிட்டிருந்தார்.

பகுத்தறிவு அளவுகோலால் அளந்தால் அவரிடம் குறை காணலாம், காணத்தான் வேண்டும். ஆனால், ஊருக்குச் சொன்னதை வீட்டில் செய்யாதவர் என்ற பழியை மட்டும் அவர்மீது சுமத்த இயலாது. படிப்பகத்து இளைஞரிடம் நான் சொன்னதும் அதுதான்.

1908-ல் அரச நிந்தனைக் குற்றம் சாட்டிச் சிறைப்படுத்தினார்கள். உடல் நலிந்தது. தோல் நோய் வாட்டியது. 1915-ல் ‘சுதேசமித்திரன்’ ஏ. ரங்கசாமி ஐயங்காரிடம் சென்றது. மறு ஆண்டு ஏப்ரல் 18-ல் சுப்பிரமணிய ஐயர் மறைந்தார்.