கட்சிக்காரர் யார் பக்கம்? ‘த குட் வைஃப்’ தொடரில் தனி அலுவலகம்

2009 முதல் 2016 வரை அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘த குட் வைஃப்’ தொடரைப் பெண் விடுதலைக் கதையாக வாசிப்பது வழக்கம். அரசு வழக்கறிஞரான கணவர் பீட்டர் ஊழல், பாலியல் புகார்களில் சிறை செல்கிறார். பதின்மூன்று ஆண்டுகள் வீட்டோடு இருந்த அலிஷியா ஃப்ளோரிக் சிகாகோ சட்ட நிறுவனம் ஒன்றில் ஜூனியர் வழக்கறிஞராகச் சேர்ந்து பங்குதாரராக உயர்கிறார். ஐந்தாம் பருவத்தில் சக வழக்கறிஞர் கேரி அகோஸுடன் சேர்ந்து தனி நிறுவனம் தொடங்குகிறார். அந்தக் கடைசிப் படியில்தான் இந்த வாசிப்பு இடறுகிறது.

2013 அக்டோபர் 27 அன்று ஒளிபரப்பான அத்தியாயத்தில், அலிஷியா விலகப்போவது அறிந்த, பழைய நிறுவனத்தின் மூத்த பங்குதாரரும் அவருடைய முன்னாள் காதலருமான வில் கார்ட்னர் அவருடைய மேசையில் இருந்ததையெல்லாம் கையால் வாரித் தள்ளுகிறார். பார்வையாளர் மனத்தில் நிற்பது காதலனின் கோபம். ஆனால் அடுத்த நிமிடத்திலிருந்து நடப்பதெல்லாம் கட்சிக்காரர்களுக்கான இழுபறி. அதில் பெரிய பரிசு சம்ஹம் என்ற இணைய நிறுவனம்.

இதன் சட்டப் பின்னணி கவனத்துக்குரியது. விலகும் வழக்கறிஞர் இனித் தொழில் நடத்தக் கூடாது என்று ஒப்பந்தம் போட அமெரிக்கத் தொழில் நெறிகள் இடம் தருவதில்லை. கட்சிக்காரர் தாம் விரும்பியவரிடம் போகலாம். அதே சமயம், ராஜினாமாவுக்கு முன்பே ரகசியமாக அவர்களைத் தம் பக்கம் இழுப்பது நம்பிக்கைக் கடமையை மீறுவதாகலாம். சிகாகோ நிறுவனம் ஒன்றிலிருந்து பிரிந்தவர்கள் தொடர்பான ‘டௌட் எதிர் க்ளீசன்’ வழக்கில் இலினாய் உச்ச நீதிமன்றம் 1998இல் இதைத்தான் விவாதித்தது. அலிஷியா நிற்பது இந்தக் கோட்டின் மேல். அதுவும் பங்குதாரராக இருந்துகொண்டே.

சம்ஹம் அவர் பக்கம் வருவதற்கு வாதத்திறமை மட்டும் காரணமல்ல. சிறையிலிருந்து மீண்டு ஆளுநராகப் பதவியேற்கவிருக்கும் பீட்டரின் அதிகாரம் பின்னால் நிற்கிறது. பெயர்ப்பலகையிலும் இருப்பது கணவரின் குடும்பப் பெயர். பிறந்த வீட்டுப் பெயரான கேவனா அதில் இல்லை. சுதந்திரத்தின் முதலீடு பழைய நிறுவனத்தின் கட்சிக்காரர்களும் கணவரின் செல்வாக்குமே.

ஆண்கள் நடத்தும் நிறுவனங்களும் உறவையும் செல்வாக்கையும் வைத்துத்தானே வளர்ந்தன, இவளை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். குறை அலிஷியாவிடம் இல்லை. எத்தனை பணக்காரக் கட்சிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வெளியேற முடியும் என்பதே விடுதலையின் அளவுகோலாகிவிட்ட தொழிலமைப்பில் இருக்கிறது. தொடரை உருவாக்கிய ராபர்ட் கிங், மிஷெல் கிங் இணையர் அதை மழுப்பாமல் காட்டினார்கள். தொடரின் உண்மையான சாதனையாக நான் கருதுவது இதையே.

ஏழாம் பருவத்தில், 2015இல், எல்லாம் இழந்த அலிஷியா வீட்டிலிருந்தே தொழில் நடத்தி, ஜாமீன் நீதிமன்றத்தில் தலைக்கு 135 டாலருக்கு வாதாடுகிறார். ஓரிரு நிமிடத்தில் ஒருவருடைய விசாரணை முடிந்துவிடும். இந்த ஏழைக் கட்சிக்காரர்களை அபகரிக்க எந்த நிறுவனமும் வழக்குப் போடாது. (பணம் கட்டி ஜாமீன் பெறும் அந்த முறையையே இலினாய் மாநிலம் 2023 செப்டம்பரில் ஒழித்துவிட்டது.) கணவரின் தயவோ பழைய நிறுவனத்தின் கோப்புகளோ இல்லாமல் அவர் நடத்திய தொழில் இது ஒன்றுதான். ஆனால் அதே பருவத்தின் நடுவிலேயே கதாசிரியர்கள் அவரைப் பழைய பெருநிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். சம்ஹமுக்காக ஒரு முழு அத்தியாயத்தை மூச்சுவிடாமல் ஓட்டியவர்களுக்கு இந்த 135 டாலர் அலுவலகத்தில் நெடுநாள் தங்கப் பொறுமை இல்லை.