பத்து இரவு எண்ணெய்

கையால் நீவியே ஆணுறுப்பைப் பெரிதாக்கிவிடலாம் என்ற ஆசை, லாட்ஜ் வைத்தியர்களின் சுவரொட்டிகளைவிட மிகப் பழையது. வாத்ஸ்யாயனரின் காமசூத்திரத்தில், கடைசிப் பகுதியான ஏழாம் அதிகரணத்தில், இதற்குச் செய்முறையே உண்டு. மரத்தில் வாழும் ஒருவகைப் பூச்சியின் சுணையை உறுப்பில் தேய்க்க வேண்டும். பிறகு பத்து இரவு எண்ணெய் போட்டு நீவ வேண்டும். திரும்பவும் பூச்சி, திரும்பவும் எண்ணெய். வீங்கியதும் கட்டிலில் குப்புறப் படுத்து, துளை வழியே தொங்கவிட வேண்டும். வலி தணியக் குளிர்ந்த கஷாயம். கம்பளிப்பூச்சி பட்டுத் தடித்த தோலைப் பார்த்தவர்களுக்கு இது என்னவென்று புரியும். வெறும் வீக்கம்தான்; என்ன பாடுபட்டிருப்பார்கள் பாவம்!

நான் மருந்துக்கடையில் இருப்பவன். கூட்டம் குறையும்வரை ஓரமாய் நின்று, குரலைத் தாழ்த்தித் தைலம் கேட்கும் பையன்களைப் பார்த்தால் மனசு கனக்கிறது. உடலுறவுத் திறனைக் கூட்டுவதாகச் சொல்லும் மருந்து விளம்பரங்களை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. தன்னுடையது சிறியதோ என்ற பயம் மட்டும் போகவில்லை. 2015-இல் லண்டன் ஆய்வாளர்கள் 15,000-க்கும் மேற்பட்ட ஆண்களின் அளவுகளைத் தொகுத்தார்கள். விறைத்த நிலையில் சராசரி நீளம் சுமார் 13 செ.மீ. அதைப் பெரிதாக்க நினைத்து முரட்டுத்தனமாக இழுத்தால் உள்ளே காயமாகி, தழும்பு விழுந்து, உறுப்பு வளையக்கூடும். கேட்கிற பையன்களிடம் இதைத்தான் சொல்கிறேன், சிறுநீரக மருத்துவரைப் பார்க்கவும் அனுப்புகிறேன்.