குரங்கு பெடலும் கரிசல் மண்ணும்: சைக்கிள் பாரின் கதை

மலைச் சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது கியர் எத்தனை, டிஸ்க் பிரேக் உண்டா, என்ன நிறம் என்பதைத்தான். ஆனால் வண்டி ஆளுக்குப் பொருந்துமா என்று அறிய மிக எளிய சோதனை ஒன்று இருக்கிறது. வண்டியைக் கால்களுக்கு நடுவே வைத்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி நிற்க வேண்டும். தொடை இடுக்குக்கும் மேல் பாருக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது? தார்ச்சாலை வண்டிக்கு ஓர் அங்குலம் போதும் என்பார்கள். மலைச் சைக்கிளுக்கு இரண்டு அங்குலமாவது வேண்டும். மேடு பள்ளத்தில் சட்டென்று கால் ஊன்ற நேர்ந்தால் அடி எங்கே விழும் என்று சொல்லத் தேவையில்லை!

இந்த இடைவெளி உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா? நம் ஊர் சைக்கிளின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

உயர்ந்து நின்ற பார்

1885ல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின் சக்கரத்துக்குச் செயின். அதன் பிறகு சில ஆண்டுகளில் இன்று நாம் காணும் பார் வைத்த முக்கோணச் சட்டம் நிலைபெற்றது. சுதந்திரத்துக்குப் பிறகு 1949ல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. நம் தெருக்களில் ஓடியது பெரும்பாலும் ஆங்கிலேய மாதிரியிலான கறுப்பு வண்டிதான். 28 அங்குலச் சக்கரம், 22 அல்லது 24 அங்குலச் சட்டம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெடல் அச்சு தரையிலிருந்து ஏறக்குறைய ஓர் அடி உயரம். அதன் மேல் 22 அங்குலச் சட்டம். ஆக, பார் நிற்பது சுமார் 33 அங்குல உயரத்தில். ஐந்தரை அடி மனிதருக்குக் காலின் உள் அளவு 30, 31 அங்குலம்தான் இருக்கும். அதாவது, வளர்ந்த ஆணுக்கே இந்த வண்டியில் இடைவெளி கிடையாது!

அப்படியானால் எப்படி ஓட்டினார்கள்? இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் தரையை உந்தி, வண்டி ஓடத் தொடங்கியதும் காலைப் பின்னால் சுழற்றிப் போட்டு ஏறினார்கள். இறங்கும்போதும் அப்படியே. ஓடும் வண்டியில் ஏறி, ஓடும் வண்டியிலிருந்தே இறங்கியதால் பாருக்கு மேல் நிற்க வேண்டிய அவசியமே வரவில்லை.

சிறுவர்களுக்கு அந்த வித்தையும் எட்டாது. அவர்கள் கண்டுபிடித்ததுதான் குரங்கு பெடல். பாருக்கு மேலே போக முடியாததால், அதற்குக் கீழே முக்கோணத்துக்குள் காலை நுழைத்து, உடம்பை ஒருபக்கம் வளைத்து மிதிப்பது. முழங்கால் சிராய்ப்பு இல்லாமல் இதைக் கற்றவர் யார்? 2024ல் இந்தப் பெயரிலேயே ஒரு தமிழ்ப் படம் வந்தது.

கரிசலில் இன்னோர் இடைவெளி

கழுகுமலையிலிருந்து கோவில்பட்டிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் குடைந்த வெட்டுவான் கோயில் இருக்கும் மலையைச் சுற்றிலும் கரிசல் காடு. வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும் இந்த மண், மழையில் உப்பிப் பசையாகிவிடும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அப்பிக்கொண்டால் சக்கரம் சுற்றாது. குச்சியால் நோண்டித் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் வண்டியைத் தோளில் தூக்க வேண்டும். பாருக்கு மேலே மட்டுமல்ல, சக்கரத்தைச் சுற்றியும் இடைவெளி வேண்டும் என்பது கரிசல் மண் சொல்லிக் கொடுக்கும் பாடம்.

பெண்களும் பாரும்

மேல்நாட்டில் பாவாடை அணிந்த பெண்களுக்காகப் பாரைத் தாழ்த்தி வளைத்த சட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்ணுக்கு 'லேடீஸ் சைக்கிள்' எளிதில் கிடைக்கவில்லை. வீட்டில் இருந்தது ஆண்களின் பார் வண்டி. சேலையோடு அதில் எப்படி ஏறுவது? உயரமான ஓர் இரும்புக் குழாய், யார் வெளியே போகலாம், யார் போகக்கூடாது என்பதையும் தீர்மானித்துக்கொண்டிருந்தது.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது பார் வண்டியிலேயே ஏறினார்கள். அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பிய பெண்களும் உண்டு என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். தடையாக இருந்த பார் இருக்கையாகிவிட்டது! பின்னர் 2001-02ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் அது மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது.

மலைச் சைக்கிள் சொன்ன விடை

1970களில் கலிபோர்னியாவின் மாரின் பகுதி இளைஞர்கள் பழைய தடித்த டயர் வண்டிகளை மலைச்சரிவில் ஓட்டினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் மலைச் சைக்கிள். கல்லும் மண்ணுமான பாதையில் ஓடிக்கொண்டே நிதானமாக இறங்க முடியாது. நினைத்த இடத்தில் கால் ஊன்றியாக வேண்டும். அதனால் காலப்போக்கில் மேல் பார் பின்பக்கம் சரிந்து தாழ்ந்தது. சேற்றுக்காகச் சக்கரத்தைச் சுற்றிலும் இடம் விடப்பட்டது.

ஆகவே இடைவெளி முக்கியம்தான். ஆனால் அது வண்டி நிற்கும்போது காப்பது. ஓட்டும்போது உடம்பு நோகாமல் இருக்க சீட்டின் உயரமும், சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள தூரமும் சரியாக இருக்க வேண்டும். மூன்றையும் பார்த்தே வாங்க வேண்டும்.

இடைவெளி இல்லாத வண்டியையும் நம் மக்கள் ஓட்டித்தான் காட்டினார்கள். ஆனால் வண்டிக்காக உடம்பை வளைத்தது அவர்கள் திறமை. உடம்புக்காக வண்டியை வளைப்பதுதான் நல்ல வடிவமைப்பு.